எண்ணியது ஒன்று, விளைந்தது ஒன்று

சொற்கள் தத்தம் நேர்ப்பொருளை விட்டு, மரபு வழியாக வேறொரு பொருளை உணர்த்துமாறு அமைந்த தொடரை மரபுத்தொடர் என்பர். 'கம்பி நீட்டினான்' என்னும் தொடரில் கம்பியும் இல்லை, நீட்டுதலும் இல்லை. தமிழறிந்தார் அதனை 'ஓடிவிட்டான்' என்றே கொள்வர். ஆங்கிலத்திலும் இத்தகைய தொடர்கள் மிகப் பல. அவற்றுள், மனிதர் எண்ணியதற்கு மாறாக ஒன்று விளையும் நிலையைச் சுட்டும் தொடர்கள் தனியே நோக்கத்தக்கவை.

எதிர்பாராமை என்பது ஒரே நிலை போலத் தோன்றினும் அது பல வகைப்படும். பிறர்க்கென வைத்த பொறியில் தானே வீழ்வது ஒரு வகை. யாரும் அறியாத ஒருவன் வென்றுவிடுவது வேறொரு வகை. வெற்றியே தோல்வியாகி நிற்பதும் உண்டு. தேடாத பொருள் கைக்கு வந்து சேர்வதும் உண்டு. ஆங்கிலம் இவற்றுக்குத் தனித்தனித் தொடர்களை வைத்திருக்கிறது. பெரும்பாலானவை போர்க்களத்திலும் பந்தயத் திடலிலும் தொழிற்களத்திலும் பிறந்தவை. பிறந்த களத்தை அறிந்தவர்க்கே அவற்றின் நுண்பொருள் விளங்கும். அறியாதவர் அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கும்போது, செய்தியின் பொருளே தலைகீழாகிவிடுகிறது.

இரண்டு கலங்கள்

'ஃபிளாஷ் இன் த பேன்' என்பது ஆங்கிலச் செய்தித்தாள்களில் அடிக்கடி காணப்படும் தொடர். முதல் ஆட்டத்தில் நூறு ஓட்டங்கள் குவித்து, அடுத்த பல ஆட்டங்களில் ஒற்றை இலக்கத்தைத் தாண்டாத ஆட்டக்காரரை இத்தொடரால் குறிப்பர். 'பேன்' என்னும் சொல்லுக்கு இன்று முதலில் நினைவுக்கு வரும் பொருள் வாணலி. ஆகவே 'வாணலியில் தோன்றிய மின்னல்' என்று பெயர்த்துவிடுவது எளிது. ஆனால் இங்கு வாணலிக்கு வேலையில்லை.

பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியப் படைகள் கையாண்ட தீக்கல் துப்பாக்கியின் பக்கவாட்டில் ஒரு சிறு கிண்ணம் இருந்தது. அதன் பெயர்தான் 'பேன்'. அதில் சிறிது வெடிமருந்தைத் தூவி வைப்பர். விசையை இழுத்ததும் தீக்கல் எஃகுத் தகட்டில் மோதும். தீப்பொறி பறந்து கிண்ணத்து மருந்தைப் பற்றவைக்கும். அத்தீ ஒரு நுண்துளை வழியே குழலுக்குள் நுழைந்து, அங்குத் திணிக்கப்பட்டிருக்கும் மருந்தை வெடிக்கச் செய்யும். அப்போதுதான் குண்டு பாயும். துளை அடைபட்டிருந்தாலோ, உள்ளே மருந்து ஈரமாக இருந்தாலோ கிண்ணத்தில் ஒளி தோன்றும், புகை எழும்; ஆனால் குண்டு பாயாது. எதிரில் பகைவன் நிற்க, கையில் புகை மட்டும் மிஞ்சிய வீரனின் நிலையிலிருந்து தோன்றியதே இத்தொடர். ஆகவே இது வெறுந்தோல்வியைக் குறிப்பதன்று. வெற்றிக்கு உரிய முதல் அடையாளம் தோன்றி, அதன்பின் எதுவும் தொடராமற்போன நிலையைக் குறிக்கும்.

இதனோடு வைத்து எண்ணத்தக்கது 'டேம்ப் ஸ்க்விப்' என்பது. 'ஸ்க்விப்' என்பது ஒரு சிறு வெடி. ஈரம்பட்டால் அது நமுத்துப்போகும். பெரிதாக எதிர்பார்க்கப்பட்ட கூட்டமோ அறிவிப்போ சுவையற்று முடிந்தால் ஆங்கிலேயர் இத்தொடரைக் கையாள்வர். தமிழில் 'திட்டம் புஸ்வாணமாயிற்று' என்னும் வழக்கு இதற்கு மிக அருகில் நிற்கிறது. ஆயின், துப்பாக்கிக் கிண்ணத்துக்கும் நமுத்த வெடிக்கும் வேறுபாடு உண்டு. முன்னதில் ஒளி தோன்றியது. பின்னதில் அதுவும் இல்லை.

'பேன்' என்னும் இதே சொல் வேறொரு தொடரிலும் உண்டு. ஒரு முயற்சி எவ்வாறு முடிந்தது என வினவ, அது எவ்வாறு 'பேன் அவுட்' ஆயிற்று என்பர். இங்குள்ள கலம் துப்பாக்கிக்கு உரியதன்று. 1848ஆம் ஆண்டு சனவரியில் கலிபோர்னியாவின் சட்டர் மரம் அறுக்கும் ஆலை அருகே பொன் துகள்கள் கிடைத்தன. செய்தி பரவியதும் மறு ஆண்டு பல்லாயிரவர் அங்குத் திரண்டனர். அவர்கள் ஆற்று மணலை அகன்ற தட்டில் அள்ளி, நீர்விட்டுச் சுழற்றி அரித்தனர். அரிசியில் கல் அரிக்கும் அதே முறைதான். அங்கே கனமான பொன் அடியில் தங்க, மணல் நீரோடு வெளியேறும். அந்தத் தட்டும் 'பேன்' எனப்பட்டது. அரித்து முடியும்வரை அடியில் என்ன இருக்கிறது என்று எவர்க்கும் தெரியாது. அந்தக் காத்திருப்பே இத்தொடரின் உயிர். முந்தைய தொடரையும் பொன் அரிப்போடு இணைத்துக் கதை சொல்வோர் உளர். துப்பாக்கிக் கிண்ணத்துத் தொடரோ கலிபோர்னியாவில் பொன் காணப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே வழங்கியது.

வைத்தவரையே தாக்கும் வெடி

'ஹாய்ஸ்ட் வித் ஹிஸ் ஓன் பெட்டார்ட்' என்னும் தொடரை ஆங்கிலம் தாய்மொழியாகக் கொண்டோரும் பொருள் புரியாமலே வழங்குவது உண்டு. 'பெட்டார்ட்' என்பதைக் கயிறு என்றோ கொடிக்கம்பம் என்றோ அவர்கள் நினைத்துக்கொள்வர். 'ஹாய்ஸ்ட்' என்பதற்குத் தூக்கப்படுதல் என்பது பொருளாதலால் அவ்வாறு மயங்குவது இயல்பே. உண்மையில் அது கோட்டைக் கதவைத் தகர்க்கப் பயன்பட்ட வெடிகலம். மணி வடிவ உலோகப் பாத்திரத்தில் மருந்தைத் திணித்து, கதவின்மீது பொருத்தித் திரியைப் பற்றவைத்துவிட்டு ஓட வேண்டும். திரி விரைந்து எரிந்துவிட்டால், வைத்தவனே வானில் தூக்கி எறியப்படுவான்.

இத்தொடரை நிலைபெறச் செய்தது ஷேக்ஸ்பியரின் 'ஹேம்லெட்' நாடகம். இளவரசன் ஹேம்லெட்டைக் கொல்லுமாறு ஆணையிடும் மடலை அவனுடைய பழைய நண்பர் இருவரிடம் கொடுத்து, அவனை இங்கிலாந்துக்கு அனுப்புகிறான் மன்னன். ஹேம்லெட் மடலை மாற்றி எழுதிவிட, கொண்டுசென்ற இருவரே உயிரிழக்கின்றனர். 'தான் வெட்டிய குழியில் தானே விழுதல்' என்னும் தமிழ்த் தொடர் இதற்கு நன்கு பொருந்தும். குழிக்குப் பதில் வெடி என்பதே வேறுபாடு.

'பேக்ஃபயர்' என்னும் சொல்லும் திட்டம் திருப்பித் தாக்குவதையே குறிக்கிறது. ஆயினும் அதன் வரலாறு சற்று வியப்பானது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கப் புல்வெளிகளில் காட்டுத்தீ பரவி வரும்போது, குடியேறிகள் அதன் பாதையில் முன்கூட்டியே தாமாக ஒரு தீயை வைப்பர். புல் எரிந்து தீர்ந்த இடத்தை அடைந்ததும் பெருந்தீ எரிபொருளின்றி அடங்கும். அந்தக் காப்புத் தீக்கும் 'பேக்ஃபயர்' என்றே பெயர். தீயணைப்போர் இன்றும் இம்முறையைக் கையாள்கின்றனர். பின்னர், எந்திரத்தில் எரிபொருள் உரிய நேரத்தில் எரியாமல் தவறான இடத்தில் வெடிப்பதையும் அச்சொல் குறிக்கலாயிற்று. காப்பதற்கென வைத்த தீயின் பெயர், இன்று கெடுத்துவிட்ட திட்டத்தின் பெயராக நிற்கிறது.

'கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது', 'பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது' என்னும் தமிழ்ப் பழமொழிகளை இதற்கு ஈடாக ஆள்வோர் உண்டு. அவை முழுமையாகப் பொருந்தா. கிணறு வெட்டியவன் எவர்க்கும் தீங்கு எண்ணவில்லை. அவனுக்கு வந்தது அவன் அறியாத இடர். பிள்ளையார் பிடித்தவனுக்கு நேர்ந்தது கைத்திறன் போதாமை. திட்டமே திரும்பிவந்து தாக்குதல் இவ்விரண்டிலும் இல்லை.

பந்தயக் குதிரைகள்

'டார்க் ஹார்ஸ்' என்பதைத் தமிழ் விளையாட்டுச் செய்திகள் 'கறுப்புக் குதிரை' என்று எழுதுகின்றன. ஆங்கிலத்தில் 'டார்க்' என்பதற்குக் கருமை, இருள் என்பவற்றோடு 'மறைவானது', 'அறியப்படாதது' என்னும் பொருளும் உண்டு. இத்தொடரில் வேண்டப்படுவது அப்பொருளே. குதிரை வெள்ளையாகவும் இருக்கலாம். அதன் ஆற்றல் பந்தயம் கட்டுவோர்க்குத் தெரியாதிருந்தால் போதும். பின்னாளில் பிரித்தானியப் பிரதமரான டிஸ்ரேலி, 1831இல் வெளியிட்ட 'த யங் டியூக்' என்னும் புதினத்தில், எவரும் பொருட்படுத்தாத இத்தகைய குதிரை ஒன்று முந்திச் செல்வதை எழுதினார். விரைவில் தொடர் திடலைக் கடந்து அரசியலுக்குள் புகுந்தது.

1844இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் சனநாயகக் கட்சி தன் குடியரசுத்தலைவர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கூடியது. முன்னாள் குடியரசுத்தலைவர் வான் பியூரனே முன்னணியில் இருந்தார். ஆனால், மூன்றில் இரு பங்கு வாக்கு வேண்டும் என்பது விதி. முதல் ஏழு சுற்றுகளில் ஜேம்ஸ் போக் என்பவர்க்கு ஒரு வாக்கும் விழவில்லை. எட்டாம் சுற்றில் அவர் பெயர் எழுந்தது. ஒன்பதாம் சுற்றில் அவரே வேட்பாளர். அவ்வாண்டுத் தேர்தலில் புகழ்மிக்க ஹென்றி கிளேயை வென்று அவர் குடியரசுத்தலைவரும் ஆனார். அமெரிக்க வரலாற்று நூல்கள் இன்றும் இத்தொடருக்கு முதற்சான்றாக அவரையே காட்டுகின்றன. 'கறுப்புக் குதிரை' என்பதைப் படிக்கும் தமிழ் மாணவர்க்கு நிறம் கிடைக்கிறது, அறியப்படாமை கிடைப்பதில்லை. 'எவரும் எண்ணாத போட்டியாளர்' என்று எழுதுவது அழகு குறைந்ததாயினும் உண்மை கூடியது.

குதிரைப் பந்தயம் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. வலியவரை எளியவர் வெல்வதை ஆங்கிலத்தில் 'அப்செட்' என்பர். 'மேன் ஓ வார்' என்னும் புகழ்பெற்ற அமெரிக்கக் குதிரை தான் ஓடிய 21 பந்தயங்களில் 20இல் வென்றது. தோற்ற ஒரே பந்தயம் 1919 ஆகஸ்டு 13 அன்று சரடோகாவில் நடந்தது. அதனைத் தோற்கடித்த குதிரையின் பெயர் 'அப்செட்'! அன்றிலிருந்தே அச்சொல் விளையாட்டு உலகில் இப்பொருளைப் பெற்றது எனப் பலர் எழுதினர். கதை மிகப் பொருத்தமாக இருந்ததால் எவரும் ஐயுறவில்லை. ஆனால், பத்தொன்பதாம் நூற்றாண்டு நாளிதழ்களிலேயே அச்சொல் அப்பொருளில் அச்சாகியிருப்பதைப் பின்னர் ஆய்வாளர் கண்டறிந்தனர். சொல் பழையது, குதிரையின் பெயர் அதனோடு ஒத்துப்போனது தற்செயல். சொற்பிறப்பைத் தேடுவோர் அழகாக முடியும் கதைகளிடம் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

தோல்வியாகிய வெற்றி

எபிரஸ் நாட்டு மன்னன் பிர்ரஸ், தென் இத்தாலியின் டாரென்டம் நகரத்தார் அழைக்க, கி.மு. 280இல் யானைப்படையுடன் கடல் கடந்து வந்து உரோமானியரை வென்றான். மறு ஆண்டு அஸ்குலம் என்னும் இடத்தில் மீண்டும் போர் மூண்டது. அங்கும் வெற்றி அவனுக்கே. ஆனால், அவனோடு வந்த படைத்தலைவருள்ளும் நண்பருள்ளும் பெரும்பாலோர் மாண்டனர். இழந்தோர்க்கு ஈடாக ஆள் திரட்ட அவனுக்கு அருகில் நாடில்லை. உரோமானியர்க்கோ ஊற்றுநீர் போலப் புதுப்படை வந்துகொண்டிருந்தது. வெற்றியை வாழ்த்தியவரிடம், இத்தகைய வெற்றி இன்னொன்று கிடைத்தால் தாம் முற்றிலும் அழிந்துபோவதாக அவன் கூறினான் எனப் புளூட்டார்க் எழுதுகிறார். அவன் பெயரால் அமைந்ததே 'பிரிக் விக்டரி' என்னும் தொடர்.

ஒரு நிறுவனம் நீதிமன்றத்தில் 'பிரிக் விக்டரி' பெற்றது என ஆங்கில நாளிதழ் எழுதுவதாகக் கொள்வோம். வழக்கில் வென்றபோதும் செலவாலும் அவப்பெயராலும் அந்நிறுவனம் நலிந்தது என்பதே செய்தி. இதனை 'மாபெரும் வெற்றி' என்று பெயர்த்துவிட்டால், படிப்பவர் முற்றிலும் எதிரான செய்தியை உண்மையென நம்பிவிடுவர். 'கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கியது போன்ற வெற்றி' என்றால் பொருள் உடனே தெளிவாகும். கிடைத்த பொருளை நுகர்தற்கு உரியதையே விலையாகக் கொடுத்துவிட்ட நிலையை அத்தமிழ்த் தொடர் பிர்ரசின் கதையினும் கூர்மையாகச் சொல்கிறது.

இதற்கு நேர் எதிரானது 'பிளெஸ்ஸிங் இன் டிஸ்கைஸ்'. இழப்பு போல வந்து, பின்னர் நன்மையாக வெளிப்படுவதை மாறுவேடம் பூண்ட பேறு என்று அது உருவகிக்கிறது. இரண்டாம் உலகப்போரில் நாட்டை வழிநடத்திய சர்ச்சில், ஐரோப்பாவில் போர் முடிந்த சில வாரங்களில், 1945 சூலையில் பொதுத்தேர்தலில் தோற்றார். இதுவும் மாறுவேடத்தில் வந்த பேறாக இருக்கலாம் என்று அவருடைய மனைவி ஆறுதல் கூறினார். அப்படியாயின் வேடம் மிக நன்றாகவே பொருந்தியிருக்கிறது என்று சர்ச்சில் மறுமொழி கூறியதை அவரே பதிவுசெய்துள்ளார். மரபுத்தொடரின் உள்ளே மங்கிக் கிடக்கும் உருவகத்தைச் சட்டெனத் தட்டி எழுப்பியதே அம்மறுமொழியின் நயம்.

தெளிந்த வானத்து இடி

'போல்ட் ஃப்ரம் த புளூ' என்னும் தொடர் நீலவானத்திலிருந்து விழும் இடியைச் சுட்டுகிறது. வரலாற்றாசிரியர் தாமஸ் கார்லைல் பிரெஞ்சுப் புரட்சி பற்றி 1837இல் வெளியிட்ட நூலில் இவ்வுருவகத்தைக் கையாண்டார். எந்த அறிகுறியும் இன்றி வரும் அதிர்ச்சியே இதன் பொருள். இது வெறுங்கற்பனை எனப் பலர் எண்ணுவர். மின்னல் சில வேளைகளில் மழைமுகிலின் பக்கவாட்டில் புறப்பட்டு, பதினைந்து கிலோமீட்டருக்கு மேலும் கிடையாகச் சென்று, தெளிந்த வானம் உள்ள இடத்தில் தரையிறங்குவது உண்டு. வானிலை அறிஞர் அதற்கு இதே தொடரைப் பெயராகவும் வழங்குகின்றனர். தொலைவில் இடியோசை கேட்டதுமே, தலைக்கு மேல் முகில் இல்லாதபோதும், திறந்தவெளியை விட்டு அகலுமாறு அவர்கள் அறிவுறுத்துவது இதனாலேயே.

'பிளாக் ஸ்வான்' என்னும் தொடரின் பொருள் காலப்போக்கில் புரண்டுவிட்டது. கரிய அன்னத்தை இல்லாத ஒன்றுக்கு உவமையாகக் கூறும் வழக்கம் உரோமானியக் கவிஞர் ஜுவனல் காலத்திலேயே இருந்தது. ஐரோப்பியர் கண்ட அன்னங்கள் யாவும் வெண்ணிறமானவை. 1697இல் வில்லெம் டி விளாமிங் என்னும் டச்சு மாலுமியின் குழுவினர் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆறொன்றில் கரிய அன்னங்களை நேரிற் கண்டனர். இல்லாததன் உவமை இருப்பதாகிவிட்டது. நாசிம் தலேப் 2007இல் இதே பெயரில் வெளியிட்ட நூலுக்குப் பின், எவரும் முன்னறியாமல் நிகழ்ந்து பெருந்தாக்கம் விளைவிக்கும் நிகழ்ச்சியை இத்தொடர் குறிக்கிறது.

விளையாட்டு தந்த தொடர்கள் எளியவை. எதிர்பாராத வினாவைத் தொடுப்பதை அமெரிக்கர் 'கர்வ்பால்' வீசுதல் என்பர்; அது பேஸ்பால் ஆட்டத்துக்கு உரியது. கிரிக்கெட் வழங்கும் நாடுகளில் அதே பொருளுக்குக் 'கூக்ளி' வந்து நிற்கிறது. 'டர்ன் த டேபிள்ஸ்' என்பதில் உள்ளவை மேசைகள் அல்ல. 'டேபிள்ஸ்' என்பது பகடை உருட்டி ஆடும் பழைய பலகையாட்டங்களின் பெயர். பலகையைத் திருப்பினால், தோற்றுக்கொண்டிருந்தவன் வெல்லும் பக்கத்துக்கு உரியவனாகிவிடுவான்.

சரந்தீபத்து இளவரசர்

எதிர்பாராமையைச் சுட்டும் ஆங்கிலச் சொற்களுள், பிறந்த நாளே தெரிந்த சொல் 'செரண்டிப்பிட்டி'. ஹோரஸ் வால்போல் என்னும் ஆங்கில எழுத்தாளர், புளோரன்ஸ் நகரில் இருந்த தம் நண்பர் ஹோரஸ் மானுக்கு 1754 சனவரி 28 அன்று எழுதிய மடலில் இதனைப் புதிதாக ஆக்கினார். 'செரண்டிப்' என்பது பாரசீகரும் அரபியரும் இலங்கைக்கு வழங்கிய 'சரந்தீப்' என்னும் பழம்பெயர். அந்நாட்டு இளவரசர் மூவர் பற்றிய கதையை அவர் முன்பே படித்திருந்தார். அக்கதை 1557இல் வெனிஸ் நகரில் இத்தாலிய மொழியில் அச்சானது. அதன் பெரும்பகுதி அமீர் குஸ்ரோவின் பாரசீகக் காவியத்தை ஒட்டியது.

இளவரசர் தாம் பார்த்திராத ஓர் ஒட்டகத்தை, வழியிற்கண்ட தடயங்களைக் கொண்டே, அது ஒற்றைக் கண்ணுடையது, நொண்டி எனக் கூறிவிடுகின்றனர். வால்போலின் நினைவில் ஒட்டகம் கோவேறு கழுதையாக மாறிவிட்டது. வழியில் ஒரு பக்கத்துப் புல் மட்டும் மேயப்பட்டிருந்ததால் விலங்குக்கு மறுபக்கக் கண் இல்லை என உய்த்துணர்ந்த செய்தியை அவர் சரியாகவே நினைவிற் கொண்டிருந்தார். தற்செயலாக எதிர்ப்படுவதும் அதன் பொருளை உணரும் நுண்ணறிவும் ஆகிய இரண்டும் சேர்ந்ததையே அவர் இப்பெயரால் குறித்தார். 1928 செப்டம்பரில் விடுமுறை முடிந்து இலண்டன் ஆய்வகத்துக்குத் திரும்பிய அலெக்சாண்டர் பிளெமிங், நுண்ணுயிர் வளர்த்த தட்டொன்றில் பூஞ்சை படிந்திருக்கக் கண்டார். பூஞ்சையைச் சுற்றி நுண்ணுயிர்கள் அழிந்திருந்ததைக் கவனித்ததால் பெனிசிலின் கிடைத்தது. பூஞ்சை படிந்தது தற்செயல். கழுவிக் கொட்டாமல் நோக்கியது அறிவு. ஆகவே, 'தற்செயல்' என்றோ 'குருட்டு நல்வாய்ப்பு' என்றோ இச்சொல்லைப் பெயர்த்தால் பாதிப் பொருள் விடுபட்டுப்போகும்.

இச்சொல்லுக்கு ஈடான தமிழ்ச்சொல்லை ஆக்க முனைவோர்க்குக் கதை மட்டும் புதியதன்று. காணாமற்போன ஒட்டகத்தின் கதை, அலகாபுரியை ஆண்ட அலகேசன் என்னும் மன்னனின் அவையில் நிகழ்வதாக 'அலகேச கதை'யில் தமிழிலும் வழங்கிவந்தது. நடேச சாஸ்திரியும் கிங்ஸ்கோட் அம்மையாரும் 1890இல் வெளியிட்ட 'டேல்ஸ் ஆஃப் த சன்' என்னும் ஆங்கிலத் தொகுப்பில் அது இடம்பெற்றது. தமிழ்க் கதையில் வழிப்போக்கர் நால்வர். ஒட்டகம் நொண்டி, ஒரு கண் குருடு, வால் குட்டை, வயிற்று நோய் உடையது என அவர்கள் கூற, அதனை இழந்த வணிகன் இவர்களே திருடர் என மன்னனிடம் முறையிடுகிறான். மன்னன் வினவ, ஒவ்வொருவரும் தாம் கண்ட தடயத்தை எடுத்துரைக்கின்றனர். அவர்கள் ஒட்டகத்தைத் தேடிச் சென்றவர் அல்லர், அவ்வழியே நடந்தவர். வழக்கு தள்ளுபடியாகிறது, நால்வரும் அமைச்சராகின்றனர்.